நம்பும்படி ஒருவர்

1787-இல் தஞ்சாவூர் அரசர் துளஜா, பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்தார். அதே ஆண்டில் அரசர் காலமானார். பிள்ளையைக் காக்க வேண்டியவர் சித்தப்பா அமர்சிங். அவரே அரியணையில் அமர்ந்துகொண்டார். பிள்ளையை அடைத்துவைத்தார். படிப்பையும் மறுத்தார்.

காப்பவரே வஞ்சித்தால் பிள்ளை மனம் ஒடுங்கிப்போகும், தண்ணீர் மறித்த வயலில் நாற்று காய்வதுபோல.

ஷ்வார்ட்ஸ் என்ற பாதிரியார் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்காக வாதாடினார். 1793-இல் சரபோஜி சென்னைக்குப் போனார், படித்தார். 1798-இல் அரசரானார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் அவர்தான்.

நம்பும்படி ஒருவர் இருந்தால் பிள்ளை மீள முடியும். உங்கள் தெருவில் ஒடுங்கிய பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். சொல்வதை நம்புங்கள். ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.