கூலி ஏணியைக் கட்டுவது யார்?

 

திறமையுள்ளவனின் கூலி தானாகவே உயரும் என்று உபதேசிப்போர் உளர். அவ்வாறாயின், ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவன் ஒரு நாட்டில் உயர, மற்றவன் வேறொரு நாட்டில் நின்ற இடத்திலேயே நிற்பது ஏன்? ஏறுபவனின் காலை மட்டும் பார்க்கின்றனர். ஏணியைப் பார்க்க மறுக்கின்றனர்!

சுவீடனை நோக்குவோம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே இன்றும் இல்லை. 1938இல் தொழிற்சங்கச் சம்மேளனமும் முதலாளிமார் சம்மேளனமும் செய்துகொண்ட உடன்படிக்கையே கூட்டுப் பேரத்திற்கு அடித்தளமாயிற்று. 1951இல் றேன், மைட்னர் என்னும் தொழிற்சங்கப் பொருளியலாளர் இருவர் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். கம்பெனியின் இலாபம் எவ்வளவாயினும் சம வேலைக்குச் சம கூலி என்பதே அதன் சாரம். அக்கூலியைக் கொடுக்கவியலாத ஆலை மூடப்படலாம், தொழிலாளி கைவிடப்படலாகாது. அரசாங்கமே பயிற்சி அளித்து, இடம்பெயர உதவி, அவனை மேலான வேலைக்கு அனுப்பியது.

ஜேர்மனி 2015 ஜனவரி முதலாந் திகதி மணிக்கு 8.50 யூரோ எனச் சட்டக் கூலியை விதித்தது. வேலைகள் அழியும் என்று அச்சுறுத்தினர். அஞ்சியவாறு நிகழவில்லை. குறைந்த கூலி பெற்றோர் பலர் கூடிய கூலி தரும் நிறுவனங்களுக்கு மாறியதையே ஆராய்ச்சியாளர் கண்டனர்.

ஐக்கிய அமெரிக்காவிலோ, 2009இல் நிர்ணயித்த 7.25 டொலர் என்னும் சமஷ்டிச் சட்டக் கூலி, பதினைந்து ஆண்டுகள் கடந்தும் உயர்த்தப்படவில்லை. மாநிலங்கள் பல தாமே உயர்த்திக்கொண்டன. ஏனைய மாநிலங்களில் விலைவாசி அக்கூலியைத் தின்றது.

நம் நாட்டிற் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941இலேயே பிறந்தது. ஆயினும் நடந்தது என்ன? 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபா ஆயிற்று. 2022இன் விலையேற்றம் அதனை விழுங்கியது. 1350 ரூபாவைக் காண 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பசிக்குத் தவணை கேட்க முடியுமா?

சட்டம் பயின்ற நாம் சொல்கிறோம்: திகதி குறியாத உரிமை பிச்சையாகிவிடும். ஆகவே மூன்றைக் கோருவோம். வாழ்க்கைச் செலவுடன் ஆண்டுதோறும் உயருங் கூலி. தொழில் முழுவதையும் கட்டுப்படுத்தும் கூட்டு ஒப்பந்தம். கொழுந்து பறிப்பவளின் மகள் விரும்பிய தொழிலுக்கு ஏறிச் செல்லப் பயிற்சி.

முதலாவது விழாமற் காக்கும். இரண்டாவது சமமாக நிறுத்தும். மூன்றாவதே மேலே ஏற்றும். மூன்றும் சேர்ந்ததே ஏணி. அதனைக் கட்டும் கைகள் நம்முடையனவாகுக!