குலைவா, உடைவா? நுண்ணலைத் தடம் கற்பிக்கும் சொற்பாடம்



கலைச்சொல் கருத்தைத் தாங்குகிறதா என்பதை அறிய, ஒரு கருவியைத் தமிழில் விளக்கிப் பார்ப்பதே நேரிய வழி. நுண்ணலைப் பொறியியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

காப்புப் பலகையொன்றின் மேல் நடுவே ஒரு செப்புப் பட்டை. இருபுறமும் சிறிது இடைவெளி விட்டுப் புவியிணைப்புத் தகடுகள். இதுவே அலை செல்லும் தடம். பலகையின் அடியில், ஓரிடத்தில் வெட்டுடைய சிறு செப்பு வளையத்தை வைப்போம். வளையம் மின்தூண்டியாகவும் வெட்டு மின்தேக்கியாகவும் செயற்படுவதால், அது தனக்குரிய அதிர்வெண்ணில் ஒத்ததிரும். இத்தகைய பிளவு வளையங்களை 1999இல் ஜான் பென்ட்ரியும் உடனாய்வாளரும் முன்மொழிந்தனர். 3 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெற்றிடத்தில் 10 சென்டிமீட்டர். வளையமோ அதனினும் மிகச் சிறியது.

வளையமும் அதன் வெட்டும் தடத்தின் நடுக்கோட்டில் அமைந்தால், காந்தப்புலம் ஒரு பாதியில் மேல்நோக்கியும் மறுபாதியில் கீழ்நோக்கியும் ஊடுருவும். இரண்டும் ஒன்றையொன்று நீக்குவதால் வளையம் அதிராது. அலை தடையின்றிச் செல்லும். வளையம் பக்கவாட்டில் சற்றே விலகினால் சமச்சீர் குலையும். அவ்வதிர்வெண்ணில் அலை தடைப்படும். ஓர் எல்லைவரை, விலகல் மிக மிகத் தடையும் மிகும்.

பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் பெரான் மார்ட்டினின் குழுவினர் இப்பண்பைக்கொண்டு இடப்பெயர்ச்சியையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகளை உருவாக்கினர். வெப்பத்தால் அதிர்வெண் சற்று நகரலாம். சமச்சீர் அவ்வாறு எளிதில் மாறாது. அதுவே இவ்வுணரிகளின் வலிமை.

இனிச் சொல்லுக்கு வருவோம். இந்நிகழ்வைச் ‘சமச்சீர் உடைதல்’ என மொழிபெயர்த்தால் என்ன நேரும்? மாணவர் வளையத்தின் வெட்டையே உடைவென்று கருதுவார். வெட்டோ தொடக்கத்திலிருந்தே உள்ளது. எதுவும் உடையவில்லை, இருப்பிடமே மாறியது. ஒழுங்கு கலைவதைக் குறிக்கும் ‘குலைவு’ இங்கே பிழையின்றிப் பொருந்துகிறது.

தமிழகப் பாடநூல்களின் ‘அதிர்வெண்’, ‘ஒத்ததிர்வு’ ஆகியவை இலங்கைப் பாடநூல்களில் ‘மீடிறன்’, ‘பரிவு’ என வழங்குகின்றன. இருநாட்டு நூல்களையும் பயிலும் நம் மாணவர், இவற்றை வெவ்வேறு கருத்துகளென மயங்கலாகாது. ‘ஒத்ததிர்வு’ நிகழ்வைக் காட்டுகிறது; ‘பரிவு’ ஒன்றன் அசைவுக்கு மற்றொன்று இசைவதை உணர்த்துகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிப்போம்.

ஆசிரியர்களே, சொற்பட்டியலை ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாமல், வளையத்தை வரைந்து நகர்த்திக் காட்டுங்கள். பொருள் விளங்கிய பின் சொல் தானே நிலைக்கும்.