அன்றாடமும் படத்துக்கு உரியதே



எங்கள் வீட்டில் ஐயாவின் நிழற்படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. திருமணத்தின்போது ஸ்ரூடியோவில் எடுத்தது. பின்னால் வர்ணம் தீட்டிய திரை, பக்கத்தில் பூச்சாடி, உடம்பில் இரவல் கோட்டு. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, உடுபுடைவைகளுக்குள் வைத்து அம்மா காப்பாற்றிக் கொண்டுவந்த படம் அது.

ஆனால் நான் அறிந்த ஐயா அதில் இல்லை. எரிபொருளுக்குத் தட்டுப்பாடான அந்த வருடங்களில் அவர் மீண்டும் துலாவால் நீர் இறைத்தார். பள்ளிக்கூடம் போகுமுன் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறியவன் நான். விடியலில் பட்டைக் கயிற்றோடு கிணற்றடியில் நின்ற ஐயாவை எவரும் படம் பிடிக்கவில்லை. தினமும் நடப்பதை எதற்குப் பிடிப்பது என்றுதான் எண்ணியிருப்போம். பிலிம் சுருளின் விலையும் அவ்வாறே எண்ண வைத்தது.

நகரிலும் தோட்டத்திலும் கிராமத்திலும் நாளாந்தம் காணும் காட்சிகளைப் படம் பிடிப்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமிழாசிரியனாகையால் தொல்காப்பியத்தைத் தொடாமல் இருக்க முடியவில்லை. அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை அந்நூல் வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். கமராவுக்கும் இதுவே நல்ல இலக்கணம் என்பேன். நண்பகல் வெயிலில் கண்குழிகளில் நிழல் விழுந்து முகம் கெடும். அதே முகத்தைக் காலையிலோ மாலையிலோ சாய்ந்த ஒளியில் பாருங்கள். நெற்றிச் சுருக்கமும் தெரியும். தோட்டத்திலானால் பாத்தியின் வரம்பும் தெரியும். பொழுதறிந்து காத்திருப்பவருக்கே படம் அமைகிறது.

சென்ற வருடம் எங்கள் மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைத்தேன். நகரம், தோட்டம், கிராமம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு படம் எடுக்கவேண்டும். கைத்தொலைபேசி போதும். எவரையும் கேட்டே எடுக்கவேண்டும். படத்தோடு பத்து வரியும் எழுதவேண்டும். பஸ் நிலையத்தருகே குடை திருத்தும் முதியவர் வந்தார். மிளகாய்க் கன்றுக்கு மண் அணைக்கும் கைகள் வந்தன. கோயில் வீதியில் படுத்திருக்கும் ஆடுகளும் வந்தன. சந்தையில் கீரை விற்கும் அம்மா ஒருவரைப் படம் பிடித்த மாணவன், அவர் சொன்னதையும் எழுதியிருந்தான்: “இந்தக் கோலத்திலையோ தம்பி? முதலே சொல்லியிருந்தால் நல்ல சீலையொண்டு உடுத்திருப்பனே!”

அதை வாசித்தபோது ஐயாவின் இரவல் கோட்டு நினைவுக்கு வந்தது. உழைக்கும் கோலம் படத்துக்கு உரியதல்ல என்று நாமே நம்பிவிட்டோம்.

லயனல் வென்ட் அப்படி நம்பவில்லை. 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர், சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். மீனவரும் கிராமத்தவரும் தென்னைகளும் அவரது கமராவுக்கு உரிய பொருள்களாயினர். அவர் மறைந்த பின், 1950இல், அப்படங்கள் நூலாக வெளிவந்தன.

அவருக்கும் முன்னர், 1875இல், ஜூலியா மார்கிரட் கமரன் என்ற ஆங்கிலேய மாது இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே காலமானார். இந்நாட்டுச் சாதாரண மக்களையும் பெருந்தோட்டத் தொழிலாளரையும் அவர் படம் பிடித்தார். முகங்கள் எஞ்சியிருக்கின்றன. ஆனால் அவர்களுள் பலரின் பெயர்களை அப்படங்கள் சொல்லவில்லை. விரும்பித்தான் நின்றார்களா என்பதையும் அவை சொல்லவில்லை. கேட்டு எடுக்கவேண்டும் என்று மாணவர்களுக்கு நான் விதித்ததன் காரணம் இதுதான்.

இன்று பிலிம் செலவு இல்லை. ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவை நமது முகமும் விழாக்களுமே. எடுத்தவை தொலைபேசியோடு தொலைந்தும் போகின்றன. ஒரு சிலவற்றையாவது தாளில் அச்சிட்டு வையுங்கள். பின்புறத்தில் பெயர், இடம், திகதி எழுதுங்கள். படத்தில் நின்றவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

அண்மையில் ஒரு காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். “பொறு, முகம் கழுவிப்போட்டு வாறன்” என்றார். வேண்டாமம்மா, விளக்குமாறோடேயே நில்லுங்கோ என்றேன். சிரித்துக்கொண்டே நின்றார்.

அந்தப் படம் இப்போது ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.