பழைய கணினியும் திறமூல இயங்குதளமும்

(அலுவலர் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அடுத்த பதிப்போ, 2017ஆம் ஆண்டுக்கு முன் வாங்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. பழுதின்றி ஓடும் கணினியைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பதா, அல்லது லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளத்தை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவதா என்ற வினா அலுவலகங்கள் முன் எழுந்துள்ளது.

கொள்கையளவில் தடையேதும் இல்லை. மத்திய அரசு 2015இல் வெளியிட்ட கொள்கை, திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை அளிக்கிறது. அதனை ஒதுக்கினால் காரணம் காட்ட வேண்டும் என்கிறது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007 முதல் வழங்கப்பட்டு வருகிறது. உரிமக் கட்டணம் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் செலவே இல்லை என்று முடிவு கட்டுவது தவறான கணக்காகும். கட்டணமாகச் சென்றது, இனி ஊழியர்களின் நேரமாகச் செல்லும். அந்த நேரத்தை எங்கே செலவிடுவது என்பதே கருதத்தக்கது.

நிறுவுதல் ஒரு மணி நேர வேலைதான். அதற்கு முன், இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். வன்தட்டில் உள்ள எதையும் அது தொடாது. அச்சுப்பொறி, ஸ்கேனர், வைஃபை ஆகியவை இயங்குகின்றனவா என்பது அரை நாளில் தெரிந்துவிடும். பலரும் மறப்பது மின்னணுக் கையொப்பச் சாதனத்தை. அதற்குரிய லினக்ஸ் மென்பொருளைத் தயாரிப்பாளரிடமிருந்து முன்னரே பெறாவிட்டால், ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளன்று அலுவலகமே தவித்து நிற்கும்.

உண்மையான இடர்ப்பாடு பழைய கோப்புகளில் உள்ளது. யூனிகோடு பரவலாவதற்கு முன், இந்தி அலுவலகங்களில் கிருதிதேவ் போன்ற எழுத்துருக்களில் ஆவணங்கள் தட்டச்சு செய்யப்பட்டன. அவற்றுள் சேமிக்கப்பட்டிருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துக்குறிகளே. எழுத்துரு அவற்றுக்கு இந்தி உருவம் தருகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழிலும் இதே கதைதான். இங்கே குறியேற்றங்கள் இன்னும் பல. ஆகவே பணிப்பதிவு, நில ஆவணம், ஓய்வூதியக் கோப்பு போன்றவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மூலத்துடன் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கூட்டெழுத்துகளும் எண்களும் பிழைபடுவது உண்டு. ஓய்வூதியக் கோப்பில் ஓர் எண் மாறினால் பாதிக்கப்படுபவர் வயதான ஒருவர். தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட், தமிழ் 99 ஆகிய விசைப்பலகை முறைகள் லினக்ஸிலும் கிடைக்கின்றன.

எக்செல் கோப்புகளில் மேக்ரோ இருந்தால், லிப்ரே ஆபீஸில் அது முழுமையாக இயங்கும் எனக் கொள்ளலாகாது. கணக்குப் பிரிவை இறுதியில் மாற்றுவது நலம்.

அமைக்கும்போது, பயனரின் கோப்புகளுக்கென வன்தட்டில் தனிப் பகுதி ஒதுக்குதல் வேண்டும். பின்னொரு நாள் இயங்குதளத்தை மீண்டும் நிறுவ நேர்ந்தாலும் கோப்புகள் அப்படியே இருக்கும். இது காப்புப்படி ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். வன்தட்டே பழுதானால் இரண்டும் போகும். 4 ஜிபி நினைவகமுள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்பு ஏற்றது. பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தினால், ஊழியரே வேறு கணினி என்று நினைப்பார்.

நிர்வாகி உரிமை ஒருவரிடம் இருந்தால் போதும். ஏனையோர் சாதாரணப் பயனர்களே. மென்பொருளை இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து மட்டும் பெறுதல் வேண்டும். எங்கோ கண்ட கட்டளையைப் பொருள் அறியாது நகலெடுத்து இடுவதால் விளைந்த சேதம் ஏராளம்.

கேரளத்தில் 2001இல் உருவாகி, 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாறிய ஐ.டி. @ ஸ்கூல் திட்டம், பள்ளிகளில் லினக்ஸை நிலைபெறச் செய்தது. அங்கே ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் ஒருவர் இருந்தார். அலுவலகத்திலும் பிரிவுக்கு ஒருவரை அவ்வாறு பழக்கி, அவருடைய கணினியை முதலில் மாற்றலாம். ஒரு மாத ஊதியப் பட்டியல் பிழையின்றி அச்சாகும் வரை, கழற்றிய பழைய வன்தட்டை அழிக்காமல், பெயர் எழுதிப் பூட்டி வைத்திருத்தல் வேண்டும்.