வராத பிள்ளையைத் தேடிப் போவோம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது சங்கத்தின் நூறு ஆண்டுப் பெருமைகளை எமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் அவற்றைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. இன்று இந்த மண்டபத்துக்கு வராத பிள்ளைகளைப் பற்றிச் சிறிது பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளின் படிப்பு தானாக முளைத்த பயிர் அல்ல. 1824இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது பிள்ளை தேடுவதே பெரும்பாடாக இருந்தது. எழுத்துப் படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று ஊர் கேட்ட காலம் அது. அமெரிக்க மிஷனார் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடுத்தார்கள். படித்து முடித்த பெண்ணின் கலியாணத்துக்குச் சீதனமும் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சமய நோக்கம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஏழைத் தாய் தகப்பனின் பயம் எதுவென்று அறிந்து, அந்தப் பயத்துக்கே அவர்கள் மருந்து கொடுத்தார்கள். 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாய்நாடு திரும்பாமலே அங்கு கற்பித்து, ஆயிரம் பெண்களின் தாய் என்று பெயர் பெற்றார்.

பின்னர் 1896இல் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, 1913இல் மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் கல்லூரி, 1943இல் யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி என்று கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனால் அந்தக் கதவுகள் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. இதே குடாநாட்டில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். சில இடங்களில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைக் கட்டடங்கள் தீக்கிரையாயின. எங்கள் பாட்டிமார் படித்த காலம் அது. அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ளும் நாம் இந்தக் கணக்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று சட்டத்துக்குக் குறைவில்லை. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை பாடசாலை கட்டாயமானது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. வராத பிள்ளையைத் தேடிப் போகக் கிராம மட்டத்தில் குழு அமைக்கவும் விதியில் இடமுண்டு. அப்படியிருந்தும் பிள்ளை ஏன் வீட்டில் நிற்கிறது?

இதற்கு விடையை நாங்கள் புத்தகத்தில் தேடவில்லை. இந்த விழாவுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாட்களில் ஒரு வகுப்பாசிரியை வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். தரம் 9இல் மூன்று பிள்ளைகள் தவணை தொடங்கியதிலிருந்து வரவில்லை. அவர்களில் ஒருத்தி புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, கரையோரக் கிராமமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து படித்தவள். அவளுடைய வீட்டுக்கு நாங்கள் இருவர் போனோம்.

தகப்பன் கடற்றொழில். கடலுக்குப் போகும் நாளும் உண்டு, போகாத நாளும் உண்டு. தாய் நண்டு பதனிடும் இடத்தில் வேலை. பிள்ளைக்குச் செய்த சாமத்தியச் சடங்குக்காக எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை காசு கட்ட வேண்டும். பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டோம். நாங்கள் கேட்ட விதமும் பிழை என்பது பிறகுதான் விளங்கியது. அந்தத் தாய் சொன்னார்: “படிக்கவேண்டாம் எண்டு ஆர் பிள்ளை சொன்னது? நான் ஆறு மணிக்கு வேலைக்கு வெளிக்கிடவேணும். சின்னவனை ஆரோட விட்டிட்டுப் போறது?” மூன்று வயதுத் தம்பி அக்காவின் இடுப்பில் இருந்தான்.

தாய் தேநீர் வைக்க உள்ளே போனபோது பிள்ளை வேறொரு காரணத்தையும் சொன்னாள். அவளுடைய புத்தகப்பைக்குள் ஒரு அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகம் இருந்தது. எமது சங்கம் நூற்றாண்டு நிதிக்காக அச்சிட்டு, ஒவ்வொரு மாணவியிடமும் விற்கக் கொடுத்தது. அவளுடைய ஒழுங்கையில் அதை வாங்க ஆளில்லை. “விக்காமல் எப்பிடி வாறது, ரீச்சர்?” என்று கேட்டாள்.

அன்று திரும்பி வந்த வழியில் நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

வாசல் வளைவுக்குக் காசு சேர்க்கப் புறப்பட்ட நாங்களே அந்த வாசலுக்கு ஒரு பிள்ளை வராமற் போகக் காரணமாகிவிட்டோம். மறுநாள் செயற்குழு கூடியது. சீட்டுப் புத்தகங்கள் எல்லாம் மாணவிகளிடமிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதனால்தான் வளைவின் மேற்பகுதி இன்னும் பூச்சுப் பூசாமல் நிற்கிறது. உள்ளே வரும்போது அதைக் கண்டு குறை சொன்னவர்கள் காரணத்தையும் தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு செய்தவை சிறிய காரியங்கள். தம்பியை முன்பள்ளியில் சேர்த்தோம். தாய் வேலைக்குப் போகும் நேரத்திலிருந்து முன்பள்ளி திறக்கும் வரை, பக்கத்து வீட்டு அம்மம்மா ஒருவர் அவனைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அவருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். இ.போ.ச. பஸ்சுக்கு மாணவர் பருவச்சீட்டு உண்டு. ஆனால் அந்த பஸ் வராத நாளில் தனியார் பஸ்சுக்குக் காசு வேண்டும்; அதற்கும் ஒழுங்கு செய்தோம். இரண்டாம் தவணையில் பிள்ளை வந்துவிட்டாள். தவறவிட்ட கணிதத்தை ஓர் ஆசிரியை பாடசாலை விட்டபின் சொல்லிக் கொடுக்கிறார். மற்ற இரு பிள்ளைகளின் வீட்டுக்கு நாங்கள் பிந்திப் போனோம். ஒருத்தி கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டாள். மற்றவளுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பதிவேட்டைப் பார்ப்பதற்கும் மூன்றாம் நாள் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எங்களில் சிலர் கேட்கிறார்கள்: “நாங்கள் மட்டும் வசதியோடா படித்தோம்? 1995 இடம்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுப் போய், மரத்தின் கீழ் இருந்து, குப்பி விளக்கில் படித்துப் பரீட்சை எழுதவில்லையா?” உண்மை. ஆனால் அன்று வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கொப்பிதான் இல்லை. கஷ்டம் பொதுவாக இருந்ததால் அதில் வெட்கம் இருக்கவில்லை. இன்று நாற்பது பேர் ரியூசனுக்கும் போய், புதுச் சப்பாத்தோடு இருக்கும் வகுப்பில் அவள் ஒருத்திதான் இல்லாதவள். பசியைத் தாங்கும் பிள்ளைகூட அந்த வெட்கத்தைத் தாங்க மாட்டாள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கொப்பியின் விலையும் பஸ் கட்டணமும் ஏறியபின் அந்த இடைவெளி மேலும் அகன்றது.

எங்கோ ஓரிடத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்களா என்றால், அக்கரையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. படிப்பின் அருமையைச் சொல்லிப் பிரசங்கம் செய்வதைவிட ஒரு தட்டுச் சோறு அதிகம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தது.

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கம் நான்கு காரியங்களை ஏற்கிறது. முதலாவது, இனி எந்த நிதிக்காகவும் மாணவிகளின் கையில் சீட்டோ உண்டியலோ கொடுப்பதில்லை. இரண்டாவது, ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வகுப்பாசிரியை எங்களுக்குச் சொல்வார். அந்தக் கிராமத்தில் வாழும் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்குப் போவார். போகும்போது புகைப்படக் கருவி வேண்டாம், சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தல் வேண்டாம். தாய் வேலையால் வந்து கை கால் கழுவி இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். ‘ஏன் அனுப்பவில்லை’ என்று கேளாமல், ‘அனுப்ப என்ன வேண்டும்’ என்று கேளுங்கள். வயதுக்கு வந்த பிள்ளை தனியே ஒழுங்கையால் வருவதுதான் பயமென்றால், அயலில் உள்ள இன்னொரு பிள்ளையோடு சோடி சேர்த்து விடுங்கள்.

மூன்றாவது, நம் கல்லூரிக்குள் வந்த பிள்ளையோடு நின்றுவிட முடியாது. இங்கே வருபவள் ஏற்கனவே ஒரு வடியைத் தாண்டியவள். அதைத் தாண்டாமல், கிராமத்து ஆரம்பப் பாடசாலையிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் அதிகம். அவ்வாறான இரு பாடசாலைகளில் காலைக் கஞ்சிக்கு இவ்வாண்டு ஒழுங்கு செய்கிறோம்.

நான்காவது, இதற்கான பணம். பிடியரிசி சேர்த்துப் பொதுக்காரியம் நடத்திய மண் இது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்த கைகள் எங்கள் பாட்டிமாரின் கைகள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, பெரிய காசோலையையும் கல்லில் வெட்டிய பெயரையும் நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு வகுப்பு ஆண்டினரும் ஒன்று சேர்ந்து, மாதம் தவறாமல், ஒரு பிள்ளையின் பஸ் காசை எடுத்து வையுங்கள். ஒருமுறை வரும் பெருந்தொகை கட்டடமாகும். மாதாமாதம் வரும் சிறுதொகைதான் பிள்ளையைக் க.பொ.த. சாதாரண தரம் வரை கொண்டுபோய் விடும்.

நாங்கள் கூறிய அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். பின்வரிசையில் அவளும் இருக்கிறாள். யாரென்று திரும்பிப் பார்க்காதீர்கள். மற்றப் பிள்ளைகளில் ஒருத்தியாக, அடையாளம் தெரியாமல் இருந்து படிப்பது அவளுடைய உரிமை. நாளை காலையும் அவளுடைய பஸ் நேரத்துக்கு வரவேண்டும். எங்கள் வேலை அதிலிருந்து தொடங்குகிறது.