ஆங்கிலப் பேச்சில் உபசார மொழிகள்

ஓர் அந்நிய மொழியின் இலக்கணத்தைப் பிழையறக் கற்றவர் யாவரும் அம்மொழியிற் பழகிப் பேசத் தெரிந்தவராகிவிடுவதில்லை. இலக்கணப் பிழையைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வர். உபசார மொழி தவறினாலோ, பேசுபவரின் பண்பையே ஐயுறுவர்.

"பிளீஸ்" என்னுஞ் சொல் இதற்கு நல்ல சான்று. தமிழிலே "தாருங்கள்" என்னும்போது மரியாதை விகுதியிலேயே அடங்கிவிடுகின்றது. ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி இல்லை. "தா" என்பதற்கும் "தாருங்கள்" என்பதற்கும் "கிவ்" என்பது ஒன்றே. விகுதி செய்யும் வேலையை அங்கே "பிளீஸ்" செய்கின்றது. மனத்திலே "தாருங்கள்" என்று எண்ணி, வாயாலே "கிவ் மீ" என்று மட்டுஞ் சொல்பவர், தம்மை அறியாமலே கட்டளையிட்டவராகிறார்.

"எக்ஸ்கியூஸ் மீ", "சொறி" என்பவற்றுள், இங்கிலாந்து வழக்கில், முன்னையது செயலுக்கு முன்னும் பின்னையது செயலுக்குப் பின்னும் வரும். நெரிசலில் வழி கேட்பவர் முன்னதைச் சொல்வார். பிறர் காலை மிதித்துவிட்டவர் பின்னதைச் சொல்வார். அவ்வாறே, இரவு 9 மணியானாலும் சந்திக்கும்போது "குட் ஈவினிங்" என்பதே முறை. "குட் நைட்" விடைபெறுஞ் சொல். வாசலிலே அதைச் சொல்லும் விருந்தினர், வரும்போதே போய்விட்டவராவார்!

பெரிதும் இடறச் செய்வது "வுட் யூ மைன்ட்" என்று தொடங்கும் வேண்டுகோள். யன்னலைத் திறக்குமாறு இவ்வாறு கேட்டால், "திறப்பதில் உமக்கு ஆட்சேபம் உண்டோ?" என்பதே சொற்பொருள். உதவும் எண்ணத்துடன் "யெஸ்" என்று மட்டும் விடை கூறினால், ஆட்சேபம் உண்டென்றே பொருள்படும். "நொட் அட் ஓல்" என்பதே இணங்கும் விடை.

இலங்கையிலே தமிழருஞ் சிங்களவரும் "போய் வருகிறேன்" என்றே விடைபெறுவர். வெறுமனே "போகிறேன்" என்பது அமங்கலம் என்னும் எண்ணமே காரணம். இதனை "ஐ வில் கோ அன்ட் கம்" என்று ஆக்கிச் சொல்வதை இந்நாட்டவர் எளிதில் விளங்கிக்கொள்வர். இங்கிலாந்தில் இருப்பவரோ, சொன்னவர் சற்று நேரத்தில் திரும்புவார் என்று காத்திருத்தல் கூடும். அங்கே "குட்பை" என்பதே பொருந்தும். அதனைச் சொல்ல எவரும் கூசவேண்டியதில்லை. "கடவுள் உம்முடன் இருப்பாராக" என்னும் பொருளுடைய ஆங்கில வாழ்த்து 16ஆம் நூற்றாண்டிற் குறுகி அச்சொல்லாயிற்று. மங்கலமாக விடைபெறும் விருப்பம் இரு மொழியாருக்கும் பொது. சொல்லும் முறைதான் வேறு.