தலைக்கு டீசல், வாலுக்குக் காவல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய அறிஞர்கள் குறளின் சிறப்பையும் கம்பனின் கவிநயத்தையும் எடுத்துரைத்துச் செவிக்கு விருந்தளித்தனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே கூட்ஸ் அலுவலகத்தில் கணக்கெழுதும் எனக்கு அத்தகைய புலமை இல்லை. "நம் காலனியில் டிரெய்லர் லாரி ஓட்டுவோர் இருக்கிறார்கள், பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்போரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். ஆகவே, பெரிய டிரெய்லரை இழுத்துச் செல்லும் லாரிக்கு டீசல் நிரப்பும் முறையையே என் பொருளாகக் கொண்டேன். கேட்பதற்கு இது சிறு பொருள். ஆனால் இதில் உயிர்களும் அடங்கியுள்ளன. ஏழைத் தொழிலாளியின் ஊதியமும் அடங்கியுள்ளது.

முதலில் நம் இருப்பிடத்தை எண்ணிப் பாருங்கள். செம்பூரை அடுத்த மாஹுல் பகுதியில் 1954-இல் ஒன்றும் 1955-இல் ஒன்றுமாக இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. ஸ்டான்வாக், பர்மா ஷெல் என்று அந்நாளில் வழங்கிய அவை, நாட்டுடைமை ஆனபின் இன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்று பெயர் பெற்று விளங்குகின்றன. கடற்கழிக்கு அப்பால் நாவா சேவாவில் 1989 மே மாதம் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் தொடங்கப்பெற்றது. அங்கு வந்திறங்கும் கண்டெய்னர்களில் ஒரு பகுதியை எங்கள் ரயில் கொண்டுபோகிறது. மற்றவற்றை டிரெய்லர் லாரிகள் இழுக்கின்றன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிகளும் பெங்களூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புணே வழியாக இங்கு வந்து சேர்கின்றன. தமிழ் எழுத்துத் தாங்கிய லாரியை நெடுஞ்சாலையில் கண்டால், நம் ஊரே நம்மைத் தேடி வந்ததுபோல் உள்ளம் குளிர்கிறதல்லவா?

அந்த ஓட்டுநர்களின் அருமையை 2024 ஜனவரி முதலிரண்டு நாட்களில் மும்பை நன்கு உணர்ந்தது. விபத்துக்குப்பின் தகவல் தராமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்னும் புதிய சட்டப்பிரிவை எதிர்த்து அவர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். உடனே பங்குகளின் வாயிலில் ஸ்கூட்டர்கள் வரிசை கட்டின. பங்கின் நிலத்தடித் தொட்டியை நிரப்பும் டேங்கர் லாரியையும் ஓர் ஓட்டுநர்தானே கொண்டுவர வேண்டும்!

இனிப் பொருளுக்கு வருகிறேன். நாற்பதடிக் கண்டெய்னரின் நீளம் 12 மீட்டருக்குச் சற்று மேல். அதை இழுக்கும் தலைப்பகுதியையும் சேர்த்தால் லாரியின் நீளம் ஏறத்தாழ 16 மீட்டர் ஆகிறது. டீசல் டாங்கி எங்கே இருக்கிறது? தலைப்பகுதியில், ஓட்டுநரின் கேபினுக்குச் சற்றுப் பின்னால், முன்முனையிலிருந்து மூன்று மீட்டர் அளவில் இருக்கிறது. அந்த டாங்கியைப் பம்பின் அருகே கொண்டுவந்து நிறுத்தினால், பம்புக்குப் பின்னால் இன்னும் 13 மீட்டர் லாரி நீண்டு நிற்கும். பம்புக்கும் சாலைக்கும் இடையே 13 மீட்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தலை பங்கில் நிற்கும். வால் சாலையில் நிற்கும். ஓட்டுநரும் பங்குத் தொழிலாளியும் டாங்கியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பர். வாலைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. இரவு நேரத்தில் ஸ்கூட்டரில் விரைந்து வரும் ஓர் இளைஞனுக்கு அந்த வால் இருட்டில் எழும்பிய சுவராகிறது.

ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டு இருப்புப்பாதைகள் ஒன்றுசேரும் இடத்தில், அவற்றின் நடுவே தரையில் ஓர் அடையாளம் இட்டிருப்பார்கள். அதற்குப் 'பௌலிங் மார்க்' என்று பெயர். கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்கும் வண்டியின் எந்தப் பகுதியும் அந்த அடையாளத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த பாதையில் வரும் வண்டி மோதிவிடும். எஞ்சின் உள்ளே வந்துவிட்டது என்பதனால் வண்டி வந்துவிட்டதாக நாங்கள் கொள்வதில்லை. கடைசிப் பெட்டியில் உள்ள 'எல்.வி.' பலகையை அல்லது வால் விளக்கைக் கண்ட பின்னரே வண்டி முழுமையாக வந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஏற்பார். வாலைக் காப்பதற்கென்றே கார்டு என்று ஒருவர் இருந்தார். 2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியிருக்கிறது. அவர் பொறுப்பு மாறவில்லை.

பெட்ரோல் பங்கில் இத்தகைய அடையாளம் இல்லை. ஆகவே ஓட்டுநர் அதைத் தம் மனத்திலேயே வரைந்துகொள்ள வேண்டும். வால் உள்ளே வரும்வரை லாரி பங்குக்குள் வரவில்லை என்று அவர் கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே. மற்றவை இதன் விரிவு.

உள்ளே நுழையும் வழியைப் பார்க்குமுன் வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும். டிரெய்லர் வளையும்போது, தலையின் சக்கரம் போன தடத்தில் வாலின் சக்கரம் போவதில்லை. அது உட்புறமாகச் சுருக்கிக்கொண்டு வரும். தலை பம்பை இடிக்காமல் தப்பியிருக்கும். வால் பம்பின் மேடையையே ஏறி மிதித்துவிடும். பின்னுக்கு எடுக்கலாம் என்றாலோ, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் போகும். பின்னால் நிற்பவர் கண்ணாடியில் தெரியமாட்டார். எனவே, நேராக நுழைந்து நேராக வெளியேறக்கூடிய பங்கைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. பல பம்புகள் வரிசையாக இருந்தால் உள்ளே தள்ளியிருக்கும் பம்புக்குச் செல்ல வேண்டும். கூரையின் உயரத்தையும் கண்டெய்னரின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் போதாது என்று தோன்றினால் அடுத்த பங்குக்குப் போவதில் இழுக்கு ஒன்றுமில்லை. பிறருக்கு அபாயம் நேரும்படி சாலையில் வண்டியை நிறுத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவும் தடுக்கிறது.

நின்றபின் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட வேண்டும். 2018-இல் எடை வரம்பு உயர்த்தப்பட்ட பின், பெரிய டிரெய்லர் லாரி சரக்கோடு 55 டன் வரை இருக்கலாம். அவ்வளவு பாரம் சற்றே சரிவான தரையில் நகரத் தொடங்கினால் மனிதக் கையால் தடுக்க முடியுமோ? சக்கரத்துக்குக் கட்டை வைப்பது அரை நிமிட வேலை.

"டீசல் பெட்ரோலைப்போல் தீப்பிடிக்காது; பயமில்லை" என்று சொல்வோர் உண்டு. அது முழு உண்மையன்று. நம் நாட்டு டீசலுக்கு விதித்துள்ள தரப்படி, அதன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதே விதி. மே மாதத்து மும்பை வெயிலில் 35 டிகிரி என்பது புதுமையா? மேலும் அதே இடத்தில் பெட்ரோலும் விற்கப்படுகிறது. பனி உறையும் குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றும். ஆகவே பீடியும் சிகரெட்டும் கூடா. கேபினில் சமையல் செய்யும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கவே கூடாது.

டாங்கியை விளிம்புவரை நிரப்புவதும் தவறு. வெப்பத்தால் டீசல் விரியும். 400 லிட்டர் டீசல் 10 டிகிரி சூடேறினால் மூன்று லிட்டருக்கு மேல் பெருகும். வழிந்த டீசல் பெட்ரோலைப்போல் விரைவில் ஆவியாகிப் போவதில்லை. சாலையில் எண்ணெய்ப் படலமாகத் தங்கிவிடும். முதல் மழை பெய்யும் நாளில் அதன்மேல் ஏறிய இரு சக்கர வண்டி வழுக்குகிறது. எவர் வழியவிட்டது என்று விழுந்தவருக்குத் தெரியாது. எவர் விழுந்தார் என்று வழியவிட்டவருக்கும் தெரியாது. மூடியை இறுக மூடுவது, முகம் அறியாத ஒருவருக்குச் செய்யும் தருமம்.

மற்றொன்று. 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப்பின் வந்த பி.எஸ். 6 லாரிகள் பெரும்பாலானவற்றில் டீசல் டாங்கியோடு நீல மூடியிட்ட சிறு டாங்கி ஒன்றும் இருக்கும். புகையின் நச்சைக் குறைப்பதற்காக அதில் யூரியாக் கரைசல் ஊற்றப்படுகிறது. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றிவிட்டால் பெருஞ்செலவு வந்து சேரும். அவ்வாறு நேர்ந்தால் எஞ்சினைக் கிளப்பாமல் மெக்கானிக்கை அழைப்பதே நன்று.

இனி ஊதியத்தைப் பற்றிச் சொல்கிறேன். லாரித் தொழிலின் செலவில் பெரும்பங்கு டீசலுக்கே போகிறது. 2017 ஜூன் 16 முதல் அதன் விலை நாள்தோறும் நிர்ணயிக்கப்படும் முறை வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் வரியும் வேறுபடுகிறது. எந்த ஊரில் எத்தனை லிட்டர் போடுவது என்று கணக்கிட்டே முதலாளிகள் வண்டியை அனுப்புகின்றனர். கணக்கில் டீசல் குறைந்தால் அது ஓட்டுநரின் தலையில் விடிகிறது. பேட்டாவிலிருந்தோ சம்பளத்திலிருந்தோ பிடிக்கிறார்கள். பிடிபட்ட தொகை யாருடையது? வீட்டில் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் காத்திருக்கும் பணம் அது. ஆகையால் பம்பில் எண் சுழியத்தில் நிற்பதை ஓட்டுநர் தாமே கண்ணால் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. ரசீது வாங்காமல் நகரக் கூடாது. நேர்மையாக அளந்து ஊற்றும் பங்குத் தொழிலாளி, ஓட்டுநரின் குழந்தைகளுக்குச் சோறிடுகிறார் என்பேன்.

இத்தனைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும்? சாதாரணப் பம்பு நிமிடத்துக்கு 40 லிட்டர் அளவில் ஊற்றுகிறது. 300 லிட்டருக்கு ஏழெட்டு நிமிடம். அந்த நேரம் முழுதும் வாலுக்கு ஒரு காவல் வேண்டும். சில திங்களுக்கு முன் நெடுஞ்சாலைப் பங்கு ஒன்றில், நெரிசலால் ஒரு டிரெய்லரின் வால் சற்றே வெளியே நீண்டுவிட்டது. உடனே அதன் கிளீனர், இருபது வயதுகூட நிரம்பாத பையன், தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். எதிர்வெயிலில் நின்று அதை அசைத்து, வந்த வண்டிகளையெல்லாம் விலகிப் போகச் செய்தான். எங்கள் கார்டுகளில் ஒருவரைக் கண்டதுபோல் நான் மகிழ்ந்தேன். இன்றோ செலவைக் குறைக்கப் பல லாரிகளைக் கிளீனர் இல்லாமலே அனுப்புகின்றனர். அப்போது வாலைக் காப்பவர் யார்? பங்குத் தொழிலாளிகளில் ஒருவரை அங்கே நிற்கும்படி ஓட்டுநர் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க வெட்கப்படலாகாது, கேட்கப்பட்டவரும் மறுக்கலாகாது. டீசல் போட்டபின் லாரியை ஒருமுறை சுற்றிவந்து, வால் விளக்கு எரிகிறதா, அடியில் எவரேனும் நிழலுக்கு ஒதுங்கியிருக்கின்றனரா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். டிரெய்லர் பங்குக்குள் திரும்பும்போது, அதன் இடப்பக்கத்து இடைவெளியில் ஸ்கூட்டரை நுழைக்காதீர்கள். அந்த இடைவெளி அடுத்த நொடியில் இராது. டீசல் போடும் நேரத்தில் வீட்டுச் செய்தி சொல்ல ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். ஏழெட்டு நிமிடம் பொறுத்தால் நிம்மதியாகப் பேசலாம்.

நிறைவாக, சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம்; அது நல்ல வழக்கமே. அடுத்த ஆண்டு, நம் காலனியின் லாரி ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புக் கொடியும், இருளில் ஒளிரும் மேற்சட்டை ஒன்றும் இம்மேடையிலேயே வழங்குவோம். பொன்னாடை பெட்டிக்குள் போகும்; அந்தச் சட்டை நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நின்று ஓர் உயிரைக் காக்கும். அதற்கு என் பங்காக ஒரு நாள் சம்பளத்தை இப்போதே பொருளாளரிடம் அளிக்கிறேன்.